காப்பீட்டை மறுப்பவர் கணக்கறியாதவரா?



பெர்னௌலி என்ற பெயரைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மேல்நிலை வகுப்பில் படித்த பாய்மங்களின் இயக்கம் நினைவுக்கு வரும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்னும் தேற்றமும், அதை விளக்க ஆசிரியர் ஊதிக்காட்டிய இரண்டு காகிதத் துண்டுகளும் நினைவுக்கு வரும். டேனியல் பெர்னௌலி அந்தத் தேற்றத்திற்கு அடிப்படையிட்ட 'ஹைட்ரோடைனமிக்கா' என்னும் நூல் 1738ஆம் ஆண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் அவருடைய மற்றொரு கட்டுரையும் அச்சாயிற்று. அது இடரை எவ்வாறு அளப்பது என்பதைப் பற்றியது. அதில் வரும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, கடலில் செல்லும் சரக்கைக் காப்பீடு செய்யலாமா, வேண்டாமா என்ற கணக்கு.

இயற்பியல் கற்பிக்கும் நான் காப்பீட்டைப் பற்றி எழுத வந்ததற்கு இந்த ஒற்றுமை ஒரு காரணம். மற்றொரு காரணம் என் எதிர்வீட்டுப் பெரியவர்.

நான் குடியிருப்பது புதுவை நகரின் வடக்குக் கரையில் உள்ள குருசுக்குப்பத்தில். பெரியவருக்கு ஒரு ஃபைபர் படகு, ஓர் இன்ஜின், சில வலைகள் உண்டு. குடும்பத்தின் உடைமையில் பெரும்பகுதி அவைதாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரையைக் கடந்த பிறகு, ஒருநாள் மாலை நான் அவரிடம், "படகை இன்சூர் பண்ணிடுங்களேன்" என்றேன். அவர் தலையை அசைத்தார்.

"வேணாம் சார்."

"கடல்மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"நம்பிக்கையா? கடலுக்குப் பயந்தவன் சார் நான். பயந்துதான் வேணாங்கறேன். படகும் போயி, கட்டின பணமும் போனா ரெண்டு நஷ்டம்."

நான் சிரித்துவிட்டேன். பயப்படுகிறவர்தானே காப்பீடு வாங்க வேண்டும்? பயத்தினால் வேண்டாம் என்பது குடையை நனையாமல் காக்க மழையில் மடக்கி வைத்துக்கொள்வது போல் இருக்கிறதே என்று எண்ணினேன். படித்தவன் என்ற மிதப்பில் நிகழ்தகவு பற்றிச் சிறிய வகுப்பும் எடுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அவர் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அப்போதுதான் என் வகுப்பில் ஒரு குறை இருந்தது தெரிந்தது. அந்தக் குறை என்னுடையது மட்டுமன்று. 'மக்கள் ஏன் காப்பீடு வாங்குவதில்லை' என்று பல ஆண்டுகளாகப் பேசிவரும் கொள்கைகள் பலவற்றிலும் அது உண்டு. அதைத் திறனாய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெர்னௌலியின் வணிகர்

முதலில் பெர்னௌலியின் கணக்கைக் காண்போம். பீட்டர்ஸ்பர்க் நகர வணிகர் ஒருவர் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்குகிறார். ஊர் வந்து சேர்ந்தால் அதன் விலை 10,000 ரூபிள். அந்தப் பருவத்தில் 100 கப்பல்களில் 5 மூழ்கிவிடும். அப்படியானால் சராசரி இழப்பு 500 ரூபிள். ஆனால் காப்பீடு செய்வோர் 800 ரூபிளுக்குக் குறைந்து ஒப்புக்கொள்வதில்லை. வணிகர் அதைக் கொடுக்கலாமா?

சராசரியை மட்டும் பார்த்தால் கொடுக்கக் கூடாது. ஆனால் பெர்னௌலி ஓர் அரிய உண்மையைக் கண்டார். பணத்தின் பயன் அதன் அளவுக்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. நூறு ரூபாய் உள்ளவருக்கு மேலும் நூறு கிடைப்பதும், இலட்சம் உள்ளவருக்கு அதே நூறு கிடைப்பதும் ஒன்றல்ல. ஆகவே பணத்தின் அளவை எடுத்துக்கொள்ளாமல் அதன் மடக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். அந்த முறைப்படி கணக்கிட்டால், சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்கும் குறைந்த சொத்து உள்ளவர் காப்பீடு செய்வதே அறிவுடைமை. அதற்கு மேல் உள்ளவர் செய்யாமல் விடலாம்.

பெர்னௌலி அத்தோடு நிற்கவில்லை. காப்பீடு கொடுப்பவரையும் தராசில் நிறுத்தினார். 14,243 ரூபிளுக்குக் குறைந்த சொத்து உள்ளவர் இந்தப் பொறுப்பை ஏற்பது அறிவீனம் என்று அதே கணக்கால் காட்டினார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தத்தின் இரு பக்கங்களையும் பார்த்த அந்தக் கூர்மையை நாம் பாராட்ட வேண்டும். எனினும் ஒரு கேள்வியை அவர் கேட்கவில்லை. காப்பீடு கொடுப்பவரிடம் பணம் இருக்கிறதா என்று கேட்டார். கப்பல் மூழ்கிய பின் அவர் கொடுப்பாரா என்று கேட்கவில்லை. அவருடைய கணக்கில் சரக்கை இழந்த வணிகர் கைநீட்டியதும் பணம் வந்துவிடுகிறது.

பெர்னௌலியின் முடிவை நன்கு கவனியுங்கள். சொத்துக் குறைந்தவருக்குத்தான் காப்பீடு மிகுதியாகத் தேவை. இடருக்கு அஞ்சுபவர்தாம் முந்திக்கொண்டு வாங்க வேண்டும். உலகில் நடப்பது இதுதானா?

ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலும் கண்டது

2003ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மகபூப்நகர் மாவட்டத்தில் உழவர்களுக்கு மழைக் காப்பீடு விற்கப்பட்டது. இது புதுவகைக் காப்பீடு. ஒவ்வொரு வயலாகச் சென்று இழப்பை மதிப்பிட வேண்டியதில்லை. மழைமானி நிலையத்தில் பதிவாகும் மழை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம் கிடைக்கும். ஏமாற்ற வழியில்லை, செலவும் குறைவு. ஏட்டளவில் இதைவிடச் சிறந்த திட்டம் இருக்க முடியாது.

யார் வாங்கினார்கள் என்று சேவியர் ஹினே, ராபர்ட் டவுன்சென்ட், ஜேம்ஸ் விக்கரி ஆகிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். சொத்து மிகுந்த குடும்பங்களே மிகுதியாக வாங்கின. விற்ற நிறுவனத்தை முன்பே அறிந்தவர்கள் வாங்கினர். இடருக்கு மிகவும் அஞ்சும் குடும்பங்களோ மற்றவர்களைவிடக் குறைவாகவே வாங்கின! என் எதிர்வீட்டுப் பெரியவரின் 'பயந்துதான் வேணாங்கறேன்' என்ற சொல் மகபூப்நகர் வயல்களிலும் ஒலித்திருக்கிறது.

தமிழ்நாட்டிலும் உத்தரப் பிரதேசத்திலும் ஆந்திராவிலும் முஷ்ஃபிக் மொபாரக், மார்க் ரோசன்ஸ்வைக் ஆகிய இருவர் இத்தகைய மழைக் காப்பீட்டை ஆராய்ந்தனர். மழைமானி நிலையம் தொலைவில் இருக்க இருக்க, வாங்கும் விருப்பம் குறைந்தது. இதில் வியப்பென்ன? நிலையத்தில் மழை பெய்து நம் வயலில் பெய்யாமல் போனால் பயிரும் இல்லை, பணமும் இல்லை. ஒரே ஊரில் மேலத்தெருவில் மழை கொட்ட, கீழத்தெரு காய்ந்து கிடப்பதை நாம் பார்த்ததில்லையா?

அதே ஆய்வு தமிழ்நாட்டு நெல் உழவர்களிடம் மற்றொன்றையும் கண்டது. காப்பீடு கிடைத்தவர்கள் வறட்சியைத் தாங்கும் நெல்லைக் குறைத்து, விளைச்சல் மிகுந்த இரகங்களைத் துணிந்து பயிரிட்டனர். ஆகவே காப்பீடு இல்லாததால் வரும் இழப்பு புயல் வந்த ஆண்டில் மட்டும் நேர்வதன்று. புயல் வராத ஆண்டிலும், அஞ்சி அஞ்சிக் குறைவாக ஈட்டுவதில் அந்த இழப்பு ஒளிந்திருக்கிறது. காப்பீடு வேண்டாத பொருள் என்று நான் வாதிடவில்லை என்பதை வாசகர்கள் இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

உளவியலாரின் விளக்கம்

மனிதர்கள் கணக்குப்படி நடப்பதில்லை என்பதை ஆய்வுக்கூட முறையில் காட்டியவர்கள் டேனியல் கானமன், அமோஸ் டிவர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள். 1979இல் வெளிவந்த அவர்களது கட்டுரை நடத்தைப் பொருளியல் என்னும் துறைக்கே அடிக்கல் ஆயிற்று. டிவர்ஸ்கி 1996இல் மறைந்தார். கானமன் 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அக்கட்டுரையில் ஒரு கற்பனைக் காப்பீடு வருகிறது. வழக்கமான கட்டணத்தில் பாதி கட்டினால் போதும். இழப்பு நேர்ந்தால், அது ஒற்றைப்படைத் தேதியாயின் மீதிப் பாதியைக் கட்டி முழு ஈடும் பெறலாம். இரட்டைப்படைத் தேதியாயின் கட்டிய பணம் திரும்பி வரும். ஆனால் இழப்பு உங்களுடையது. 95 மாணவர்களைக் கேட்டபோது 80 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். பெர்னௌலியின் முறைப்படி, முழுக் காப்பீட்டை வாங்கலாமா விடலாமா என்று ஊசலாடும் ஒருவர் இதை விரும்பியே ஏற்க வேண்டும். மக்களோ அரைகுறை உறுதியை வெறுத்தனர்.

1997இல் பீட்டர் வாக்கர், ரிச்சர்ட் தேலர், டிவர்ஸ்கி ஆகியோர் இதை இன்னும் துல்லியமாக அளந்தனர். நூறு கோரிக்கைகளில் ஒன்று மட்டும் நிறைவேறாது என்று சொன்னால் கட்டணத்தை எவ்வளவு குறைக்க வேண்டும்? கணக்குப்படி ஏறத்தாழ ஒரு விழுக்காடு. மக்கள் கேட்ட குறைப்போ 20 விழுக்காட்டுக்கும் மேல்!

இந்த ஆய்வுகள் மிக நேர்த்தியானவை. அவற்றில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இவை ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியே வந்து, விழிப்புணர்வு முகாம்களின் மேடை ஏறும்போது பொருள் திரிந்துவிடுகிறது. 'மக்களுக்கு நிகழ்தகவு புரிவதில்லை. நாளைய ஆபத்தை அவர்கள் எண்ணுவதில்லை. ஆகவே அவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும்' என்று சொல்லப்படுகிறது. நானும் அதைத்தானே எதிர்வீட்டில் செய்தேன்?

கட்டையைத் திட்டலாமா?

வகுப்பில் சாய்தளக் கணக்கை முதலில் உராய்வு இல்லாமல் கற்பிக்கிறோம். பிறகு ஆய்வுக்கூடத்தில் கட்டையைச் சாய்தளத்தில் வைத்தால் அது வழுக்காமல் நின்றுவிடுகிறது. அப்போது 'இந்தக் கட்டைக்கு நியூட்டன் விதி தெரியவில்லை' என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? விட்டுவிட்ட உராய்வைக் கணக்கில் சேர்ப்பார்.

காப்பீட்டுக் கணக்கில் விடுபட்ட உராய்வு, வாக்கு தவறும் நிகழ்தகவு. அதைச் சேர்த்துப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நானே எடுத்துக்கொண்டவை. உங்கள் கைபேசியிலுள்ள கணிப்பானைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம்.

ஒருவரது மொத்த உடைமை ரூ. 3,00,000 என்க. இதில் படகு, இன்ஜின், வலை ஆகியவற்றின் மதிப்பு ரூ. 2,00,000. ஓராண்டில் அவை முழுதும் அழியும் நிகழ்தகவு 0.05. ஆண்டுக் கட்டணம் ரூ. 12,000.

காப்பீடு இல்லாவிட்டால் 0.95 நிகழ்தகவோடு 3,00,000 இருக்கும், 0.05 நிகழ்தகவோடு 1,00,000 மிஞ்சும். பெர்னௌலி முறைப்படி 3,00,000 என்பதன் 0.95ஆம் அடுக்கை 1,00,000 என்பதன் 0.05ஆம் அடுக்கால் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ ரூ. 2,83,965. அதாவது இந்த நிச்சயமற்ற நிலை, உறுதியான ரூ. 2,83,965க்குச் சமம்.

காப்பீடு வாங்கி, வாக்குத் தவறாமல் பணமும் வருமாயின், என்ன நேர்ந்தாலும் கையில் ரூ. 2,88,000 இருக்கும். இது முந்தையதைவிட அதிகம். ஆகவே வாங்குவதே அறிவுடைமை. நான் எடுத்த வகுப்பு இவ்வளவுதான்.

இப்போது உராய்வைச் சேர்ப்போம். நான்கு கோரிக்கைகளில் ஒன்று ஏதோ ஒரு காரணத்தால் நிறைவேறாது என்க. காரணம் மோசடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பதிவுச் சான்று புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம்; அறிவிக்க வேண்டிய கெடு தவறியிருக்கலாம்; பாலிசியில் சொன்ன ஆபத்துகளின் பட்டியலில் நேர்ந்த ஆபத்து இல்லாமல் இருக்கலாம். அப்போது 0.0125 நிகழ்தகவோடு கையில் மிஞ்சுவது ரூ. 88,000. 2,88,000 என்பதன் 0.9875ஆம் அடுக்கை 88,000 என்பதன் 0.0125ஆம் அடுக்கால் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ ரூ. 2,83,763. இது காப்பீடு இல்லாத நிலையைவிடக் குறைவு!

அதே பெர்னௌலியின் கணக்கு இப்போது 'வாங்காதே' என்கிறது. நான்கில் ஒன்று தவறும் என்று நம்புகிறவர் காப்பீட்டை மறுத்தால் அவர் கணக்கறியாதவர் அல்லர். கணக்கில் நாம் விட்டதைச் சேர்த்துக்கொண்டவர்.

இன்னும் ஒரு படி சென்று, அந்த 88,000 என்ற எண்ணை உற்றுப் பாருங்கள். காப்பீடு இல்லாதபோது நேரக்கூடிய மிகக் கொடிய நிலை 1,00,000. காப்பீடு வாங்கி ஏமாந்தால் நேர்வது 88,000. ஐயத்துக்கிடமான காப்பீடு, ஆகக் கொடிய நிலையை மேலும் கொடியதாக்குகிறது. இடருக்கு மிகவும் அஞ்சுபவர் எதைப் பார்ப்பார்? அந்தக் கொடிய நிலையைத்தான். எனவே மிகவும் அஞ்சுபவரே முதலில் விலகுவார். டேனியல் கிளார்க் என்னும் பொருளியலார் மழைக் காப்பீடு போன்றவற்றிற்கு இதனை முறையாக நிறுவி 2016இல் வெளியிட்டார். மகபூப்நகர்ப் புதிர் இதனால் பெரும்பாலும் விடுபடுகிறது. 'படகும் போயி, கட்டின பணமும் போனா ரெண்டு நஷ்டம்' என்று பெரியவர் ஒரே வரியில் சொன்னதும் இதுதான்.

போட்டி இதைத் திருத்தாதா?

'பல நிறுவனங்கள் போட்டியிட்டால், ஒழுங்காகப் பணம் தருவோர் நிலைப்பர். மற்றவர் மறைவர்' என்று சிலர் கூறலாம். பப்பாளிக்கு இது பொருந்தும். அறுத்துத் தின்றதும் சுவை தெரிந்துவிடும். மறுநாள் கடையை மாற்றிவிடலாம். காப்பீட்டின் சுவை இழப்பு நேர்ந்த பிறகுதான் தெரியும். பலருக்கு அது வாழ்நாளில் தெரியவே தெரியாது. வாங்கும்போது கண்ணுக்குத் தெரிவது கட்டணமும் முகவரின் பேச்சும்தாம். போட்டி, கண்ணுக்குத் தெரிவதில்தான் நடக்கும். இழப்பீட்டுப் பிரிவுக்கு நல்ல ஆட்களை அமர்த்திச் செலவு செய்யும் நிறுவனம், தன் கட்டணத்தைச் சற்று உயர்த்த நேரும். அதனால் வாடிக்கையாளரை இழக்கவும் கூடும்.

நம் நாட்டு ஆயுள் காப்பீட்டு முகவர்களைப் பற்றி சாந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் ஆகியோர் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களை வாடிக்கையாளர் போல் அனுப்பிப் பார்த்தனர். குறைந்த கட்டணத்தில் மிகுந்த பாதுகாப்பு தரும் குறித்தகாலக் காப்பீடு யாருக்குப் பொருத்தமோ, அவர்களுக்கும் முகவர்கள் பெரும்பாலும் பரிந்துரைத்தது கட்டணமும் தரகும் மிகுந்த வாழ்நாள் பாலிசியையே. வாடிக்கையாளர் தவறாக எண்ணிக்கொண்டு வந்தால், அந்தத் தவற்றுக்கே ஒத்து ஊதினர். 2010 ஜூலையில் பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசிகளின் தரகை வெளியே சொல்ல வேண்டும் என விதி வந்தது. உடனே முகவர்கள், அவ்விதிக்கு உட்படாத, தரகு மிகுந்த வேறு பாலிசிகளுக்குத் தாவினர். குழாயின் ஓரிடத்தை அழுத்தினால் நீர் மறு இடத்தில் பீறிடுகிறது!

முகவர்கள் தீயவர்கள் என்பதன்று இதன் பொருள். விற்ற அன்று கூலி. இழப்பீடு பெற்றுத்தந்தால் கூலி இல்லை. கூலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பும் செல்லும்.

போட்டிக்கு இன்னொரு போக்கும் உண்டு. அதைக் காண எங்கள் ஊர்க் கரைக்கு வாருங்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின் மணல் வரத்துத் தடைப்பட்டது; வடக்கே கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்க ஓரிடத்தில் கல் கொட்டினால், அடுத்த குப்பத்தின் கரை அரிக்கிறது. கடலின் ஆற்றல் மறைவதில்லை; இடம் மாறுகிறது. போட்டியிடும் நிறுவனங்கள் இடர் குறைந்தவர்களை மட்டும் பொறுக்கி எடுக்க முனையும்போது நடப்பதும் இதுவே. இடர் மறைவதில்லை, அது எளியவர் பக்கம் தள்ளப்படுகிறது. மைக்கேல் ராத்ஸ்சைல்டு, ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோர் 1976இல் காப்பீட்டுச் சந்தையை ஆராய்ந்து, இத்தகைய பொறுக்கும் போட்டியில் சந்தை நிலைகொள்ளாமலே போகலாம் என்று காட்டினர்.

அரசே நடத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? 1956இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைந்தது. 2000இல் மீண்டும் தனியாருக்குக் கதவு திறந்தது. முகவருக்கு விற்பனையின் மீது தரகு என்பது இரு காலங்களிலும் இருந்தது. ஆகவே உரிமையாளர் யார் என்பதைவிட, எதற்குக் கூலி கிடைக்கிறது என்பதே முதன்மையான கேள்வி என்பேன்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்

திறனாய்வு ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. மறுப்பவர் எப்போதும் சரி என்று நான் சொன்னால் அதுவும் பிழையே.

முதலாவதாக, கட்டணத்தைக் குறைத்தாலும் எல்லோரும் வாங்குவதில்லை. ஆந்திராவிலும் குஜராத்திலும் நடந்த களச் சோதனைகளின் முடிவுகளை ஷான் கோல் குழுவினர் 2013இல் வெளியிட்டனர். விலை குறைந்தால் வாங்குவோர் கூடினர். ஆனால் பரவலாக வாங்கச் செய்ய விலைக் குறைப்பு மட்டும் போதாது. நம்பிக்கையின்மை, அந்த நேரத்தில் கையில் பணமின்மை, எதிர்கால ஆபத்து மனத்தில் பதியாமை ஆகிய மூன்றும் தடைகளாக நின்றன. மூன்றாவது தடை உளவியலார் சொன்னதே. அதை நான் மறுக்கவில்லை. முதல் இரண்டையும் மறைத்து மூன்றாவதை மட்டும் மேடையில் பேசுவதையே மறுக்கிறேன்.

இரண்டாவதாக, பெரியவருக்கு வேறொரு காப்பு உண்டு. கிடைத்த மீனைப் பங்கு வைக்கிறார்கள். இன்ஜின் நின்றுபோன படகை அடுத்த படகு கட்டி இழுத்து வருகிறது. அவசரத்துக்கு ஏலச்சீட்டு இருக்கிறது. இவை எழுதப்படாத காப்பீடுகள். இங்கே கோரிக்கை நிராகரிக்கப்படுவது அரிது. மறுநாள் காலை ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே! ஆனால் இந்தக் காப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் விழுந்தால் யார் தூக்குவது? 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியது. அத்தகைய நாளில் பக்கத்துப் படகும் உடைந்துதான் கிடக்கும். தொலைவில் உள்ள இலட்சக்கணக்கானோரோடு இடரைப் பகிர்ந்துகொள்ளும் காப்பீடு மட்டுமே அப்போது கைகொடுக்க முடியும். எனவே பெரியவர் மறுத்தது நியாயம். அவர் மறுக்கும்படி இருப்பது நியாயமன்று.

மூன்றாவதாக, ஐயத்தைக் குறைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது. அதன்படி ஆயுள் பாலிசி எடுத்து மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால், எக்காரணம் கொண்டும் அதன் செல்லுபடியைக் கேள்விக்கு உள்ளாக்க முடியாது. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் கட்டணத்தை மத்திய மாநில அரசுகளே செலுத்துகின்றன. இறப்புக்கும் முழு நிரந்தர ஊனத்துக்கும் ரூ. 5 இலட்சம் ஈடு உண்டு. மீனவர் கையிலிருந்து எதுவும் போவதில்லை ஆதலால் 'ரெண்டு நஷ்டம்' என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. உயிருக்குச் செய்ததைப் படகுக்கும் வலைக்கும் எவ்வாறு விரிப்பது என்பதே இனி எண்ண வேண்டியது.

இங்கேதான் வாக்கர், தேலர், டிவர்ஸ்கி ஆகியோரின் அளவீடு பயன்படுகிறது. அவர்கள் கேட்டது மீனவர்களை அல்ல. எனினும் ஒரு விழுக்காடு ஐயத்துக்கு மக்கள் 20 விழுக்காடு விலைக் குறைப்புக் கேட்கிறார்கள் என்றால், அதைத் திருப்பியும் படிக்கலாம் அன்றோ? ஐயத்தைச் சிறிதளவு நீக்குவது, கட்டணத்தைப் பெரிதளவு குறைப்பதற்கு ஈடாகும். மக்களின் 'குறை' என்று சொல்லப்பட்டது, திட்டம் தீட்டுவோர்க்கு ஒரு வழிகாட்டியாகிறது.

மீண்டும் எதிர்வீட்டில்

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி பெரியவரிடம் போனேன். அன்று சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். அவர் அதைப் பொருட்படுத்தாமல் கணக்கைக் கேட்டார். மடக்கையைச் சொல்லவில்லை, விடைகளை மட்டும் சொன்னேன். சற்று யோசித்தார்.

"நாலுல ஒண்ணு இல்ல சார், பத்துல ஒண்ணுதான் வராதுன்னு வெச்சுக்குங்க. அப்ப?"

அங்கேயே கைபேசியில் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ ரூ. 2,86,300 வந்தது. "அப்ப வாங்கலாம்" என்றேன்.

"சரி, நாலா பத்தான்னு யாரு சார் எனக்குச் சொல்றது?"

இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் காணவில்லை. ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் எத்தனை இறப்புக் கோரிக்கைகளுக்குப் பணம் தந்தன என்ற விவரத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதே போல், படகுக் காப்பீடு விற்க வருவோர் ஒவ்வொரு குப்பத்திலும் ஒரு பலகை வைக்கட்டும். சென்ற ஆண்டு வந்த கோரிக்கைகள் இத்தனை, பணம் தந்தவை இத்தனை, தர எடுத்துக்கொண்ட நாட்கள் இத்தனை, மறுத்தவற்றுக்குக் காரணம் இது என்று அதில் எழுதட்டும். பத்து விழிப்புணர்வு முகாம்களைவிட அந்தப் பலகை மிகுந்த வேலை செய்யும்.

வாசகர்களே, உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் பாலிசித் தாள் வரும். கட்டணம் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எந்தெந்த நிலையில் பணம் வராது என்று கேளுங்கள். விற்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று கேளுங்கள். பணம் மறுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்று கேளுங்கள். அதற்கெனவே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகங்கள் உள்ளன. இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைத்த பிறகும் கட்டணம் உங்களுக்குக் கட்டுபடியாகுமானால், தயங்காமல் வாங்குங்கள்.

யாராவது வேண்டாம் என்று சொன்னால், அவருக்கு நிகழ்தகவு கற்பிக்கத் தொடங்கும் முன், அவர் கணக்கில் எதைச் சேர்த்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நான் முதலில் செய்திருக்க வேண்டியதும் அதுவே.